கிணற்றின் தலையைக் கழற்றுவதற்கு முன்

எண்ணெய், எரிவாயுக் கிணறு ஒன்றைத் தோண்டி உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகும் அதற்கு வேலை இருந்துகொண்டே இருக்கும். வாயு மேலே வரும் உட்குழாயான டியூபிங் அரித்து ஓட்டை விழும். அடியில் அந்தக் குழாயைச் சுற்றி அடைக்கும் பேக்கரின் ரப்பர் தளரும். மணல் ஏறி அடைக்கும். கீழ் அடுக்கில் வாயு வற்றித் தண்ணீர் வரத் தொடங்கும்; அதை அடைத்துவிட்டு மேல் அடுக்குக்கு மாற வேண்டியிருக்கும். இப்படிப் பழைய கிணற்றைத் திறந்து சரிசெய்யும் வேலைக்குக் களத்தில் ஒர்க்ஓவர் என்று பெயர். காவிரிப் படுகையில் 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய திட்டங்களைத் தடுத்தாலும், ஏற்கெனவே நடந்துவரும் பணிகளுக்கு விலக்கு உண்டு. ஆகவே வயலோரத்தில் ஒரு ரிக் வந்து நின்றால் அது புதுக் கிணறு தோண்ட வந்ததாகவே இருக்க வேண்டும் என்றில்லை. லாரியில் ஏற்றிவரும் ஒர்க்ஓவர் ரிக்காகவும் இருக்கலாம். அதனால் ஆபத்து குறைவு என்றும் நினைத்துவிடக் கூடாது. புதுக் கிணற்றில் வாயு எந்த ஆழத்தில் காத்திருக்கிறது என்பது ஊகம். ஒர்க்ஓவரில் வாயு அடுக்கோடு கிணறு ஏற்கெனவே இணைந்தே இருக்கிறது.

இந்த வேலையில் ஆபத்து எல்லா மணி நேரங்களிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. கிணற்றின் தலையில் உள்ள வால்வுத் தொகுதியைக் கழற்றிவிட்டு, ஊதல் தடுப்பானான பிஓபியை ஏற்றும் நேரம் ஒன்று. வேலை முடிந்து பிஓபியை இறக்கி வால்வுத் தொகுதியைத் திரும்ப வைக்கும் நேரம் இன்னொன்று. அந்தச் சில மணி நேரம் கிணற்றின் வாயை மூட மேலே எதுவும் கிடையாது. வாயுவை அடக்கி வைத்திருப்பது உள்ளே இருக்கும் திரவமும், முன்கூட்டியே வைத்த அடைப்பும்தான். ஒர்க்ஓவர் திட்டம் என்று எழுதும் எதையும் இந்த இரண்டு நேரங்களை வைத்தே எடைபோட வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

இரண்டு தடுப்பு

கணக்குக்காக ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். ஆழம் 3,800 மீட்டர். கிணற்றுச் சுவராக நிற்கும் 7 அங்குல கேசிங் குழாய், உள்ளே 2 7/8 அங்குல டியூபிங். அடியில் டியூபிங்குக்கும் கேசிங்குக்கும் இடையை அடைக்கும் பேக்கர். அதற்குச் சற்று மேலே, திறந்து மூடக்கூடிய ஜன்னல் உள்ள ஸ்லைடிங் ஸ்லீவ். தரையில் டியூபிங் முழுவதையும் தாங்கும் ஹேங்கர், அதன்மேல் இரண்டு மாஸ்டர் வால்வு, பக்கவாட்டில் விங் வால்வு, உச்சியில் ஸ்வாப் வால்வு கொண்ட கிறிஸ்துமஸ் ட்ரீ என்னும் வால்வுத் தொகுதி.

வாயு வெளியே பாய வாய்ப்புள்ள எந்தக் கிணற்றிலும், ஒன்றையொன்று சாராத இரண்டு தடுப்புகள் எப்போதும் இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட விதி. நார்வேயின் நார்சோக் டி-010 தரநிலை இதை விரிவாக வகுத்திருக்கிறது. உற்பத்தி நடக்கும்போது பேக்கரும் டியூபிங்கும் முதல் தடுப்பு. கேசிங், ஹேங்கர், ட்ரீ இரண்டாவது. டியூபிங்கை உருவும்போது கனமான திரவம் முதல் தடுப்பு. பிஓபியும் கேசிங்கும் இரண்டாவது. முதல் நிலையிலிருந்து இரண்டாம் நிலைக்குப் போகும் பாலத்தில் இரண்டு தடுப்பு எங்கிருந்து வரும்? திட்டத்தில் இதற்குத் தெளிவான விடை எழுதப்படாமல் ரிக்கை ஏற்றவே கூடாது.

திரவத்தின் எடை

இந்திய வயல்களில் அழுத்தத்தைச் சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்று சொல்வது வழக்கம். இங்கே கிலோ அழுத்தம் என்பது அதையே குறிக்கிறது. திரவத்தின் ஒப்படர்த்தியை மீட்டரில் உள்ள ஆழத்தால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் அடியில் விழும் அழுத்தம் வந்துவிடும்.

நம் கிணற்றில் வாயு அடுக்கின் அழுத்தம் 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதைச் சமன் செய்ய 1.053 ஒப்படர்த்தி போதும். சமன் மட்டும் இருந்தால் சின்ன அசைவுக்கும் வாயு உள்ளே வரும் என்பதால் 200 முதல் 300 பிஎஸ்ஐ, அதாவது 14 முதல் 21 கிலோ வரை கூடுதல் வைப்பார்கள். 1.09 ஒப்படர்த்தியில் பிரைன் என்னும் உப்புநீரைக் கலந்தால் அடியில் 414.2 கிலோ. கையில் இருக்கும் மிச்சம் 14.2 கிலோ.

மிச்சம் எவ்வளவு மெலிது என்று பாருங்கள். திரவ மட்டம் 130 மீட்டர் இறங்கினாலே 14.2 கிலோவும் தீர்ந்தது. 3,800 மீட்டர் கிணற்றில் 130 மீட்டர் என்பது முப்பதில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். வெப்பமும் இதில் கை வைக்கும். தொட்டியில் 30 டிகிரியில் அளந்த பிரைன் கீழே சூடேறி விரியும். சராசரி ஒப்படர்த்தி 0.02 குறைந்தால் 7.6 கிலோ போய்விடும்; மிச்சத்தில் பாதி. அதனால் தொட்டியில் அளந்த எண்ணை அப்படியே நம்பாமல், கிணற்றின் வெப்பநிலைக்குத் திருத்திய எண்ணைத்தான் கணக்கில் போட வேண்டும்.

அப்படியானால் 1.20-க்கு ஏற்றிவிடலாமே என்று தோன்றும். பல வருடம் வாயு எடுத்த அடுக்கு களைத்துப்போயிருக்கும். அதிகக் கனத்தைக் கொடுத்தால் பிரைன் பாறைக்குள் இறங்கி ஓடும், மட்டம் தாழும், மிச்சம் தானாகவே கரையும். போதாததற்கு, பாறையின் களிமண் நன்னீரில் ஊதித் துளைகளை அடைத்துக்கொள்ளும். அதனால் 2 முதல் 3 சதவீதம் பொட்டாசியம் குளோரைடு கலப்பது வழக்கம். கனத்துக்கு உப்பு 1.20 வரை கைகொடுக்கும், கால்சியம் குளோரைடு 1.39 வரை, கால்சியம் புரோமைடு 1.70 வரை. பிரைன் இழப்பை நிறுத்த அளவு பிரித்த சுண்ணாம்புத் தூளைக் கெட்டியான ஜெல்லில் கலந்து அனுப்புவார்கள்; பிறகு அமிலத்தில் கரைத்துவிடலாம். தோண்டும்போது கனத்துக்குப் பயன்படும் பேரைட் தூள் அமிலத்தில் கரையாது. உற்பத்தி அடுக்கின் முகத்தில் அதை அப்பிவிட்டால் கிணறு திரும்பப் பழைய அளவு வாயுவைத் தராமலே போகலாம்.

கிணற்றை அடக்குவது

முதலில் ஸ்லிக்லைன். ட்ரீயின் உச்சியில் லூப்ரிகேட்டர் குழாயை நிறுத்தி, மெல்லிய எஃகுக் கம்பியில் கருவியை இறக்கி ஸ்லைடிங் ஸ்லீவைத் திறப்பார்கள். லூப்ரிகேட்டரின் நீளம், உள்ளே போகும் கருவியும் அது பிடித்துக்கொண்டு வரப்போகும் பொருளும் சேர்ந்த நீளத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே வந்தபின் ஸ்வாப் வால்வை மூட முடியாது. ஸ்வாப் வால்வைத் திறக்கும் முன் லூப்ரிகேட்டருக்குள் அழுத்தத்தைச் சமன் செய்யாமல் விட்டால், கருவி எகிறிக் கம்பி சுருண்டு முடிச்சு விழும். அன்றைய நாள் முழுக்க அதை மீட்பதிலேயே போகும். ஈர வாயுக் கிணற்றில் லூப்ரிகேட்டருக்குள் ஹைட்ரேட் பனி உறைந்து கருவியைக் கவ்விக்கொள்வது அடிக்கடி நடக்கும். அழுத்தச் சோதனையைத் தண்ணீரில் செய்யாமல் கிளைக்கால் கலவையில் செய்வது அதனால்தான்.

ஸ்லீவ் திறந்ததும் கேசிங் பக்கத்திலிருந்து பிரைனைத் தள்ளி, டியூபிங் வழியாக, பாயும் அளவைக் கட்டுப்படுத்தும் சோக் வால்வில் வாயுவை வெளியே எடுப்பது ரிவர்ஸ் சர்குலேஷன். இரண்டு பக்கமும் சேர்ந்து நம் கிணற்றின் கொள்ளளவு ஏறக்குறைய 69 கனமீட்டர். தொட்டியில் அதைப்போல ஒன்றரை மடங்குக்குக் குறையாமல், 105 கனமீட்டராவது கலந்து வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. பாதியில் பிரைன் தீர்ந்த கிணறு, தொடங்காத கிணற்றைவிட மோசம்.

ஸ்லீவ் திறக்காவிட்டால் புல்ஹெட்டிங்: டியூபிங்கில் உள்ள வாயுவை மேலிருந்து தள்ளி அடுக்குக்குள்ளேயே திருப்பி அனுப்புவது. டியூபிங்கின் கொள்ளளவு மீட்டருக்கு 3.02 லிட்டர், மொத்தம் 11.5 கனமீட்டர். வாயு நிரம்பிய டியூபிங்கின் தலையில் தொடக்கத்தில் 320 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். பிரைன் இறங்க இறங்க அந்த அழுத்தம் குறைந்துகொண்டே வந்து, 11.5 கனமீட்டர் போனதும் பூஜ்யத்தைத் தொட வேண்டும். ஒவ்வொரு கனமீட்டருக்கும் எதிர்பார்க்கும் அழுத்தத்தை முன்பே தாளில் எழுதி வைத்துப் பக்கத்தில் உண்மை எண்ணைக் குறித்துக்கொண்டே போக வேண்டும். எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கினால் டியூபிங்கில் ஓட்டை இருக்கலாம். இறங்காமல் நின்றால் அடுக்கின் வாய் அடைபட்டிருக்கலாம். பம்ப் மெதுவாக ஓடினால் வாயு பிரைனை ஊடுருவி மேலே ஏறிவிடும். கணக்குப்படி எல்லாம் போன பிறகும் தலையில் அழுத்தம் திரும்ப வரும்.

அடைப்பை நம்புவது எப்போது

கிணறு அடங்கியது என்பதற்கு அரை மணி நேரம் அமைதியாக இருந்தது சான்றாகாது. வாயு மெல்லக் குமிழாகி ஏறி வர மணிக்கணக்கு ஆகும். ட்ரீயைக் கழற்ற எவ்வளவு நேரம் பிடிக்குமோ, பிஓபியை ஏற்றிச் சோதிக்க எவ்வளவு பிடிக்குமோ, இரண்டையும் கூட்டி அதைவிட அதிக நேரம் கவனித்த பிறகே திரவத்தை ஒரு தடுப்பு என்று எண்ணலாம்.

இரண்டாவது தடுப்பு அடைப்பாக இருக்க வேண்டும். டியூபிங்கின் அடியில் நிப்பிள் என்னும் பொருத்துமிடத்தில் ஸ்லிக்லைன் வழியாக ஒரு பிளக், ஹேங்கரில் கீழிருந்து வரும் அழுத்தத்தைத் தடுக்கும் ஒரு பேக் பிரஷர் வால்வு. இங்கேதான் பலர் தவறுவது: பிளக்கை மேலிருந்து அழுத்திச் சோதித்துவிட்டுத் திருப்தி அடைவது. வாயு வரப்போவது கீழிருந்து. மேலிருந்து அழுத்தினால் இறுகும் சீல், கீழிருந்து அழுத்தம் வந்தால் தளரக்கூடும். அதனால் பிளக்குக்கு மேலே உள்ள அழுத்தத்தைக் குறைத்து, கீழே உள்ள வாயுவே அதைத் தள்ளும்படி விட்டு, மேலே அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஃப்ளோ டெஸ்ட் என்று இதைச் சொல்வார்கள்.

சிமென்ட் அடைப்பு இன்னும் சிக்கலானது. லேசான பிரைன் மேல் கனமான சிமென்ட் குழம்பை ஊற்றினால் அது அங்கே நிற்காது. பிரைனுக்குள் நழுவிக் கீழே இறங்கிக் கலங்கும். அடியில் கேசிங்கின் குறுக்கே அடைக்கும் பிரிட்ஜ் பிளக்கோ கெட்டியான ஜெல்லோ தாங்கலாக இல்லாமல் வைத்த சிமென்ட்டில் பாதி எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. நின்றாலும் வேறொரு அபாயம். குழம்பாக இருக்கும்போது சிமென்ட் தன் முழு எடையையும் கீழே கொடுக்கும். இறுகத் தொடங்கியதும் கேசிங் சுவரைப் பற்றிக்கொள்ளும். எடை கீழே இறங்காது. ஆனால் வாயுவைத் தடுக்கும் வலு இன்னும் வந்திருக்காது. இந்த இடைவேளையில் வாயு நுழைந்து மெல்லிய கால்வாய் போட்டுவிட்டால், சிமென்ட் அந்தக் கால்வாயோடேயே கல்லாகிவிடும். மேலே கோப்பையில் எடுத்துவைத்த மாதிரி கெட்டியாகிவிட்டது என்பதால் உள்ளே ஓட்டை இல்லை என்று ஆகாது.

ஆகவே சிமென்ட்டுக்கு மூன்று சோதனை. ஆய்வகத்தில் கிணற்றின் அடி வெப்பத்திலும் அழுத்தத்திலும் வலு வர எத்தனை மணி நேரம் என்று பார்த்து, அதுவரை காத்திருப்பது. குழாயை இறக்கிச் சிமென்ட்டின் தலையில் எடை வைத்து, திட்டமிட்ட ஆழத்தில் நிற்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது. கடைசியாக இன்ஃப்ளோ டெஸ்ட். மூன்றும் முடியும்வரை பிஓபியின் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தக் கூடாது. ரிக் வாடகை ஒரு நாள் கூடுவதை யாரும் விரும்பமாட்டார்கள். அந்த ஒரு நாளை மிச்சம் பிடிக்கும் அதிகாரம் களத்தில் எவருக்கும் இருக்கக் கூடாது.

பாக்ஜான்

அசாமின் தின்சுகியா மாவட்டத்தில், ஆயில் இந்தியா நிறுவனத்தின் பாக்ஜான் 5-ஆம் எண் கிணறு 3,870 மீட்டர் ஆழத்திலிருந்து எரிவாயு தந்துகொண்டிருந்தது. 3,729 மீட்டரில் உள்ள வேறு அடுக்குக்கு மாறுவதற்காக ஒர்க்ஓவர் நடந்தது. 2020 மே 27 காலை கிணறு ஊதத் தொடங்கியது. மூட மேலே பிஓபி இல்லை, அது கழற்றப்பட்டிருந்தது. உறுதிசெய்து சோதித்த இரண்டாவது தடுப்பு இல்லாமலே பிஓபியைக் கழற்றியதையும், அந்த நேரத்தில் மேற்பார்வை போதாததையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த நிபுணர் குழு குறையாகச் சுட்டியது.

திப்ரு-சைக்கோவா தேசியப் பூங்காவும் மகுரி-மோட்டாபுங் நீர்நிலையும் பக்கத்திலேயே. வாயுவோடு வந்த கன்டென்சேட் எண்ணெய் வயல்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் நீரிலும் படிந்தது. ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு முகாம்களுக்குப் போனார்கள். ஜூன் 9-ஆம் தேதி தீப்பிடித்தது. ஆயில் இந்தியாவின் தீயணைப்பு வீரர்கள் இருவர் உயிரிழந்தார்கள்.

ஆகஸ்ட்டில் எரியும் கிணற்றின் வாயில் பிஓபியை வைத்தாகிவிட்டது. அதன் பிறகும் கிணறு அடங்க நவம்பர் 15 வரை ஆனது. பொறியியல் பார்வையில் மிகவும் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான். பிஓபி வைத்தாயிற்று, மேலிருந்து மட் என்னும் கனமான சேற்றுத் திரவத்தை அழுத்திவிடலாம் என்றால், அந்த அழுத்தத்தைத் தாங்கும் நிலையில் கிணற்றுத் தலை இல்லை. வாரக்கணக்கில் தீயில் கிடந்த வால்வும் சீலும் எஃகும் பழைய வலுவில் இருக்காது. முழுதாக மூடினால் வாயு பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு போகலாம். அதனால் வாயுவைக் குழாய் போட்டு உற்பத்திக்கும் எரிகுழிக்கும் திருப்பி, தலையில் அழுத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, கனடாவிலிருந்து வரவழைத்த ஸ்னபிங் யூனிட்டைக் கொண்டு அடக்கினார்கள்.

ஸ்னபிங் என்பது அழுத்தம் இருக்கும் கிணற்றுக்குள் குழாயைப் பலவந்தமாக இறக்குவது. 2 7/8 அங்குலக் குழாயின் மூடிய முனைப் பரப்பு 41.9 சதுர சென்டிமீட்டர். தலையில் 200 கிலோ அழுத்தம் இருந்தால் கிணறு அந்தக் குழாயை 8.4 டன் விசையில் வெளியே தள்ளும். குழாயின் எடை மீட்டருக்கு 9.7 கிலோ. ஏறக்குறைய 870 மீட்டர் உள்ளே போகும்வரை அது கீழே விழாது. ஹைட்ராலிக் ஜாக்கால் அழுத்தித்தான் இறக்க வேண்டும். அதற்குப் பிறகு எடை வென்று, கீழே விழாமல் பிடிக்க வேண்டியதாகிவிடும். பிடி மாறும் அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் குழாயைக் கவ்வும் பிடிகளான, மேல்நோக்கிப் பிடிக்கும் ஸ்லிப்பும் கீழ்நோக்கிப் பிடிக்கும் ஸ்லிப்பும் இரண்டுமே பூட்டியிருக்க வேண்டும். குழாயின் அடியில் இரண்டு ஒருவழி வால்வுகள். அடிக்குப் போனபின் அந்த மட் திரவத்தைக் கீழிருந்து மேலாக நிரப்பலாம். தலையில் பெரிய அழுத்தம் கொடுக்கத் தேவையில்லை.

டியூபிங்கை உருவும்போது

ட்ரீ போய் பிஓபி ஏறி, குறைந்த அழுத்தத்தில் 200 முதல் 300 பிஎஸ்ஐயிலும் பிறகு திட்டமிட்ட உச்ச அழுத்தத்திலும் சோதித்தாகிவிட்டது என்றால் அடுத்தது பேக்கர். அதன் ரப்பருக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் வாயு ஒளிந்திருக்கும். 400 கிலோ அழுத்தத்தில் 100 லிட்டர் என்று வைத்தால், அது ஏறி வந்து 20 கிலோ அழுத்தம் உள்ள ஆழத்தை அடையும்போது வெப்ப மாற்றத்தை ஒதுக்கிய கணக்கில் 2,000 லிட்டர் ஆகிவிடும். டியூபிங்குக்கு வெளியே உள்ள இடைவெளியில் அது 130 மீட்டர் நீளம். மேலே பார்த்த மிச்சம் முழுவதையும் தின்ன இது போதும். பேக்கரை விடுவித்ததும் உருவத் தொடங்காமல், பிஓபியை மூடிச் சோக் வழியாக ஒரு முழுச் சுற்றுப் பிரைனை ஓட்டிவிட வேண்டும். ரப்பர் சுருங்கவும் நேரம் கொடுக்க வேண்டும். சுருங்காத பேக்கரை வேகமாக இழுத்தால் ஊசிக்குழலில் மருந்து ஏறுவதுபோல அடுக்கிலிருந்து வாயு உறிஞ்சப்படும்.

உருவும்போது வெளியே வந்த எஃகின் இடத்தைப் பிரைனால் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நம் டியூபிங்கின் எஃகு மீட்டருக்கு 1.23 லிட்டர். ஒரு சொட்டுக்கூட நிரப்பாமல் உருவினால் ஏறக்குறைய 1,900 மீட்டரில் மிச்சம் தீரும். அடியில் பிளக் இருந்து டியூபிங் பிரைனோடு வெளியே வருகிறது என்றால் மீட்டருக்கு 4.19 லிட்டர், அப்போது 470 மீட்டரிலேயே, ஐம்பது ஜாயின்ட்டிலேயே, அதாவது ஐம்பது குழாய்த் துண்டிலேயே தீர்ந்துவிடும். உள்ளே போகும் பிரைனை அளக்கும் தொட்டியான ட்ரிப் டேங்கில் ஒவ்வொரு ஐந்து ஜாயின்ட்டுக்கும் கணக்குப்படி எவ்வளவு போக வேண்டும், எவ்வளவு போனது என்று இரண்டு பத்தியாக எழுதுவார்கள். போக வேண்டியதைவிடக் குறைவாகப் போனால் அந்த இடத்தை வாயு பிடித்திருக்கிறது என்று பொருள். உடனே நிறுத்தி மூட வேண்டும். அடுத்த ஐந்தையும் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

புது டியூபிங்கும் பேக்கரும் இறங்கிய பிறகு தலைமாற்றம் மறுபடியும் வரும். இந்தத் தடவை ஆட்கள் களைத்திருப்பார்கள், வேலை முடிந்துவிட்ட எண்ணம் வந்திருக்கும். விதி அதே விதிதான்: ஹேங்கர் சீலைச் சோதித்து, டியூபிங்குக்குள் பிளக் வைத்து, பேக்கரை மேலிருந்து அழுத்திப் பார்த்த பிறகே பிஓபி இறங்கலாம்.

உற்பத்தி தொடங்கியதும் டியூபிங்குக்கும் கேசிங்குக்கும் இடையே உள்ள அழுத்தமானி ஏறும். சூடான வாயு மேலே வரும்போது இடையில் அடைபட்ட பிரைன் விரிவதால் அது இயல்பே. சின்ன வால்வு வழியாகக் கொஞ்சம் கசியவிட்டால் லிட்டர் கணக்கில் பிரைன் வந்து அழுத்தம் இறங்கிவிடும். கிணற்றின் வெப்பம் நிலைத்த பிறகு திரும்ப ஏறாது. வெளியே வருவது வாயுவாக இருந்தாலோ, மூடிய சில மணி நேரத்தில் மானி பழைய எண்ணுக்கே திரும்பினாலோ, டியூபிங் இணைப்பிலோ பேக்கரிலோ ஹேங்கர் சீலிலோ கசிவு இருக்கிறது. அந்த எண்ணைத் தேதி, நேரம், டியூபிங் தலை அழுத்தம் மூன்றோடும் சேர்த்து முதல் நாளிலிருந்தே பதிந்து வைத்தால்தான் எந்தச் சீல் என்று பிறகு கண்டுபிடிக்க முடியும்.